கோபத்திலும் ‘ங்க’ விடாதவர்கள்: தொலைபேசிக் குரலும் உணர்வின் எதிரொலியும்

“ஏனுங்க, நாலு நாளாச் சொல்லிட்டே இருக்கறனுங்க. மோட்டார் ஓடலீங்க. ஆளு அனுப்புவீங்களா மாட்டீங்களாங்க?”

கோவைப் பக்கத்துப் பம்ப்செட் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு இப்படி ஓர் அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். எழுத்தில் படித்தால் மரியாதையான விசாரிப்பு. கொங்குப் பக்கம் வளர்ந்தவர் காதில் விழுந்தால், பேசுகிறவர் கொதித்துப்போயிருக்கிறார் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். சாதாரணமாக இழுத்துச் சொல்லப்படும் ‘ங்க’ இங்கே வெட்டி விழுகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சுவிடும் இடம் குறைகிறது. ‘சொல்லிட்டே’யில் அழுத்தம் ஏறுகிறது. அழைப்பைப் பதிவில் கேட்டு மதிப்பெண் போடும் குவாலிட்டி ஆள் வேறு ஊர்க்காரராக இருந்தால், ‘வாடிக்கையாளர் அமைதியாகப் பேசினார்’ என்று குறித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடக்கூடும்.

அழைப்பவரின் உணர்வை நம் குரலில் மெல்லப் பிரதிபலித்தால் நெருக்கம் உண்டாகும் என்று கால்சென்டர் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘மிரரிங்’ என்றே அதற்குப் பெயர். எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் நாமும் மெதுவாக, பதற்றப்பட்டால் நம் குரலிலும் கொஞ்சம் விறுவிறுப்பு, வருந்தினால் ஒரு படி தணிவு. சொல்வதற்கு எளிது. இது வேலை செய்கிறதா, எங்கே செய்கிறது, எங்கே ஆளைக் கவிழ்க்கிறது என்பதைக் கொங்கு நாட்டுத் தொலைபேசிகளை வைத்தே பார்க்கலாம்.

தொலைபேசியில் பேசிப் பிழைக்கும் வேலைகள் இந்தப் பகுதியில் பல வகை. சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கம் இரவில் கேப் வண்டிகள் இறக்கிவிடும் இளைஞர்களில் பலர் வாய்ஸ் பிராசஸில் இருப்பவர்கள். அவர்களில் ஒரு பிரிவு ஏ.ஆர். காலர்கள், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வராமல் நிற்கும் காப்பீட்டுப் பணத்தை அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கே போன் செய்து கேட்பவர்கள். பம்ப், கிரைண்டர் கம்பெனிகளின் சர்வீஸ் எண்கள் இருக்கின்றன. மருத்துவமனைகளின் அப்பாயின்ட்மென்ட் மேசைகள், பைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் அழைப்புகள், விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டர் எண், மின்தடைக்கு 2021-ல் தொடங்கப்பட்ட மின்னகம், மனநல உதவிக்கு 14416. எல்லோரும் ஹெட்செட் மாட்டியவர்கள்தான். ஆனால் அழைப்பவரின் உணர்வோடு இவர்களுக்குள்ள உறவு வெவ்வேறு. ஒரே பயிற்சிக் கையேடு எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைப்பதில்தான் முதல் கோளாறு.

மிரரிங்கின் உளவியல் அடித்தளம் கொஞ்சம் பழையது. ஒருவரின் முகபாவம், குரல், உடலசைவை நம்மையறியாமல் பின்பற்றுகிறோம், அதன் வழியே அவர் உணர்வும் நம்மைத் தொற்றுகிறது என்று எலைன் ஹாட்ஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களின் தொடக்கத்தில் எழுதினார்கள். 1999-ல் தான்யா சார்ட்ராண்டும் ஜான் பார்கும் இதைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினால், முகத்தைத் தடவினால், சோதனைக்கு வந்தவரும் தன்னையறியாமல் அதையே செய்தார். அப்படித் தன்னை நுட்பமாகப் பின்பற்றியவரோடு உரையாடல் சுமுகமாகப் போனதாகவும் சொன்னார். நெதர்லாந்தில் ரிக் வான் பாரன் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பிரபலம். வாடிக்கையாளர் கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே திருப்பிச் சொன்ன உணவகப் பணிப்பெண்ணுக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது.

பயிற்சி வகுப்புகளில் இத்துடன் ‘மிரர் நியூரான்’ கதையும் சேர்ந்துகொள்ளும். இத்தாலியின் பார்மா நகரில் 1990-களில் குரங்குகளின் மூளையில் கண்டறியப்பட்ட செல்கள் அவை. ஒரு குரங்கு கடலையை எடுக்கும்போதும், பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் அவை இயங்கின. அங்கிருந்து ‘ஆகவே வாடிக்கையாளரின் சோகம் உங்கள் மூளையில் பதிவாகிறது’ என்று தாவுவது பவர்பாயின்ட்டில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம்.

டிப்ஸ் ஆய்வில் என்னைக் கவர்வது வேறு. பணிப்பெண் யாருடைய உணர்வையும் நடித்துக் காட்டவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். ‘நீங்கள் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது’ என்ற செய்தி அதில் இருக்கிறது. கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் முதன்மைப் பாடகருக்குத் துணையாக ஒருவர் இருப்பார். முன்னவர் விட்ட அடியைப் பின்னவர் வாங்கிப் பாடுவார், இடையில் ‘ஆமா’ போடுவார், கதை கேட்பவர் மனதில் எழும் கேள்வியைத் தானே கேட்டும் வைப்பார். கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இக்கதையை நாடாவில் பதிவுசெய்தார். வீரன் விழும் இடத்தில் துணைப் பாடகர் முதன்மைப் பாடகரைவிட அதிகமாக உருகிவிட்டால் கதை கெட்டுப்போகும். அவர் தாளத்தைத் தாங்க வேண்டும். வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டுவதும் இதே வேலைதான். கொட்டுவது நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள்.

தொலைபேசியில் இந்தத் தாளம் எளிதில் கெடுகிறது. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஆணின் குரலாயினும் பெண்ணின் குரலாயினும் அதன் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 300-க்குக் கீழேதான். அதாவது குரலின் அடித்தளமே வந்து சேர்வதில்லை. மேலே எழும் துணை ஒலிகளைக் கொண்டு நம் மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இப்போதைய வோல்டி (VoLTE) அழைப்புகளில் நிலைமை பரவாயில்லை. இவ்வளவு இழந்தும் குரல் தோற்பதில்லை என்பது வியப்பு. மைக்கேல் கிராஸ் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தையும் பார்த்துக் குரலையும் கேட்டவர்களைவிட, குரலை மட்டும் கேட்டவர்கள் பிறர் உணர்வைத் துல்லியமாகக் கணித்தார்கள். முகம் பொய் சொல்லப் பழகியது. குரல் அவ்வளவாகப் பழகவில்லை.

பெரிய சிக்கல் நேர இடைவெளி. பத்து மொழிகளில் ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளியை அளந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், சராசரி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே வந்தது. அந்தப் பத்தில் திராவிட மொழி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தமிழ் இதிலிருந்து வெகுவாக விலகும் என்று நினைக்கக் காரணமில்லை. இப்போது சரவணம்பட்டியிலிருந்து அமெரிக்காவுக்கு இணையம் வழிப் போகும் அழைப்பை எண்ணிப் பாருங்கள். குரல் போய்ச் சேரவே அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகப் பிடிக்கலாம். அழைப்பில் செயற்கையாகத் தாமதத்தைப் புகுத்தி ஜெர்மனியில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, தாமதம் கூடக் கூட மக்கள் இணைப்பைக் குறை சொல்லாமல் எதிரில் இருப்பவரின் குணத்தைக் குறை சொன்னதைக் காட்டியது. கவனிக்கவில்லை, அக்கறையில்லை என்று. நம் ஏ.ஆர். காலர் எவ்வளவு நுட்பமாக ‘உம்’ கொட்டினாலும் அது அங்கே அடுத்த வாக்கியத்தின் நடுவில் போய் விழுகிறது. இதைப் பற்றிப் பயிற்சியில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலே, ‘குரலில் புன்னகை’ பற்றிய நாள் முழுதான வகுப்பைவிடப் பயன் இருக்கும்.

பேசுகிற முறையை எதிரில் இருப்பவரை நோக்கி நகர்த்துவதை ஹோவர்ட் கைல்ஸ் 1970-களிலிருந்தே ஆராய்ந்தவர். நெருங்கிப் போவது பெரும்பாலும் விரும்பப்படுகிறது, அளவு மீறினால் கேலியாகப்படுகிறது என்பது அவர் வழி வந்த ஆய்வுகளின் சாரம். கொங்குப் பேச்சில் இந்த அபாயம் கூடுதல். கவுண்டமணி முதல் கோவை சரளா வரை வெள்ளித்திரை இந்தப் பேச்சைச் சிரிப்புக்கென்றே பழக்கிவிட்டது. ‘சதிலீலாவதி’ (1995) படத்தில் கமலும் சரளாவும் பேசிய கோவைத் தமிழை இன்றும் பிற மாவட்டத்தார் நடித்துக் காட்டுவார்கள். சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து கோவையில் போன் எடுக்கும் ஒருவர், அழைப்பவரோடு ஒட்டுவதாக நினைத்து ‘ஏனுங்க், சொல்லுங்க்’ என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம் விழும். தன் ஊர்ப் பேச்சில் இருந்துகொண்டே வேகத்தை மட்டும் அழைப்பவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது அவருக்கு நல்லது.

விளிச்சொல்லிலும் இதே கதை. ‘சார், மேடம்’ தவிர எதுவும் கூடாது என்று பல கம்பெனிகளில் விதி. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பேசும் எழுபது வயது அம்மாள், எடுத்த பெண்ணை ‘கண்ணு’ என்கிறார், ‘அம்மிணி’ என்கிறார். பதிலுக்கு ‘மேடம்’ வருகிறது. ‘சொல்லுங்கம்மா’ என்று ஒரு முறை சொல்ல விட்டால் பாதி வேலை முடிந்துவிடும். பதிலுக்கு ‘ஆத்தா’ என்று இறங்க வேண்டியதில்லை, அது மிகை.

இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. நெருக்கம் உண்டாக்க எளிய கேள்வி, ‘உங்களுக்கு எந்த ஊருங்க?’ என்பது. அடுத்து, ‘அங்க ஊருக்குள்ளயா, தோட்டத்துலயாங்க?’ கொங்கு நாட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த இரண்டாவது கேள்வி எங்கே போகிறது என்று தெரியும். காலனியில் வசிப்பவர் இங்கே சட்டென்று எச்சரிக்கையாகிவிடுவார். இப்பகுதியின் புகழ்பெற்ற ‘ங்க’ எல்லோர் வாசலுக்கும் ஒரே அளவில் போனதில்லை. முகம் தெரியாத தொலைபேசி, பெயரைக்கூடக் கேட்காமல் எல்லோருக்கும் அதை வழங்கும் வாய்ப்பைத் தருகிறது. நெருக்கத்தின் பெயரால் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோபத்தைப் பிரதிபலித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைபேசி ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படும் நிகழ்வு ஒன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. 1984 ஜனவரியில் ஒருவர் தன் மாற்றாந்தாய்க்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தார். பதற்றத்தில் வசைச்சொல் ஒன்று வந்துவிட்டது. எடுத்த செவிலியர் அதைக் கண்டித்தார். அவர் மேலும் எரிச்சலுற்றார், செவிலியரின் குரலும் ஏறியது. உதவி கேட்ட அழைப்பு யார் பெரியவர் என்ற தகராறாக மாறி, ஆம்புலன்ஸ் தாமதமாயிற்று. அந்தப் பெண் இறந்துபோனார். சமூகவியலாளர்கள் ஜாக் வேலனும் டான் சிம்மர்மேனும் உடன் பணியாற்றியவரும் 1988-ல் அந்தப் பதிவை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கெட்ட மனம் யாருக்கும் இருக்கவில்லை. ஒருவர் தொனியை மற்றவர் வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அழைப்பின் நோக்கம் நழுவிவிட்டது.

ஆகவே என் கணிப்பில், எதிரொலிக்க வேண்டியது உணர்வை அன்று, அதன் வேகத்தையும் எடையையும். கோபமாக இருப்பவரிடம் கோபம் வேண்டாம். அவருடைய அவசரம் நமக்கும் அவசரமாகிவிட்டது என்பது குரலில் தெரிந்தால் போதும். இங்கே மிக இனிமையான, நிதானமான குரல்தான் பெரும் எரிச்சலூட்டும். பொருந்தாத அளவில் பின்பற்றப்பட்டவர்கள் இருந்த அறையே குளிர்வதாக உணர்ந்தார்கள் என்று 2012-ல் சார்ட்ராண்டும் பார்கும் இணைந்த ஓர் ஆய்வு சொன்னது. போலியைக் கண்டுகொள்ள உடலுக்கே ஒரு வழி இருக்கிறது போலும்.

எடை என்றேனே, அதற்குத் தென்னை நல்ல உதாரணம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் 2016-ல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஓலையின் அடியில் வட்டமாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். கீழே உள்ள ஓலைகளில் கரும்பூசணம் படரும். விவசாயிகள் யாரைக் கேட்பது? 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் வேளாண் பட்டதாரிகள் தமிழிலேயே பேசுவார்கள். தோட்டம் முழுக்கக் கறுத்துவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். குரல், வீட்டில் இழவு விழுந்தவர் குரல். ‘உங்கள் நிலை எனக்குப் புரிகிறது’ என்ற ஸ்கிரிப்ட் வாக்கியத்தை இங்கே எடுத்துவிட்டால் அவர் போனை வைத்துவிடுவார். ‘எத்தனை வருச மரங்க? நெட்டையா, குட்டையா?’ என்று கேட்டால் கதை வேறு. குட்டை ரகங்களில் இந்த ஈயின் தாக்குதல் அதிகம் என்பதால் அது தொழில்நுட்பக் கேள்வி. அதே சமயம், மரத்தின் வயதைக் கேட்பவர் அதன் மதிப்பை அறிந்தவர் என்பதும் விவசாயிக்குப் பட்டுவிடும்.

இந்த நெருக்கம் வெறும் நாசூக்குக்கு அல்ல. வெள்ளை ஈக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகம் தரும் அறிவுரையின் மையம். அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் செத்துப்போகும். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், ஒட்டுண்ணியை விடுங்கள் என்கிறார்கள். மரம் கண்ணெதிரே கறுக்கும்போது ‘மருந்தடிக்காமல் பொறுத்திருங்கள்’ என்பதைக் காதில் போட்டுக்கொள்ள வைப்பது எவ்வளவு சிரமம்! தன் கவலையின் எடையை அறிந்தவர் என்ற நம்பிக்கை வந்தவரிடமிருந்துதான் அப்படிப்பட்ட பதிலை ஏற்றுக்கொள்ள முடியும்.

தற்கொலை எண்ணத்தோடு பேசுபவர்களின் அழைப்பில் கணக்கு இன்னும் கறாரானது. லண்டனில் சாட் வாரா 1953-ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் இதற்கு முன்னோடி. லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் நிறுவிய சிநேகா, தமிழில் இந்தக் கேட்கும் கலையை வளர்த்த அமைப்பு. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அதே 14416-ல் கிடைக்கிறது. அழைப்பவரின் நம்பிக்கையின்மையைக் குரலில் வாங்கிக்கொண்டால் இருவரும் சேர்ந்து மூழ்க வேண்டியதுதான். மௌனத்துக்கு இடம் விட வேண்டும். அவர் சொன்ன சொல்லிலேயே அவர் வலியைக் குறிப்பிட வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கொங்கு நாட்டில் இக்கட்டம் கடினமாவதற்குக் காரணம், வெசனத்தை நேராகச் சொல்லாத வழக்கம். ‘ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்புட்டனுங்க’ என்று தொடங்கும் அழைப்பில், அந்த ‘சும்மா’வை நம்பாதவர்தான் நல்ல காது உள்ளவர்.

இத்தனையும் செய்கிற காதுக்கு ஒரு விலை உண்டு. ஆர்லி ஹாக்சைல்ட் 1983-ல் எழுதிய ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ விமானப் பணிப்பெண்களின் புன்னகையையும், அதே நிறுவனத்தின் கடன் வசூலிப்பவர்களின் கடுகடுப்பையும் ஒரே உழைப்பின் இரு முகங்களாகக் கண்டது. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிப்பவர்கள் விரைவில் சோர்ந்துபோகிறார்கள் என்பது அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. கிரண் மிர்சந்தானியின் ‘போன் க்ளோன்ஸ்’ (2012) இந்தியக் கால்சென்டர் ஊழியர்கள் அயல்நாட்டாரைப் போலத் தோன்றப் படும் பாட்டை ஆராய்ந்தது. கோவையின் இரவுப் பணியாளருக்கு இரட்டைச் சுமை: எதிரொலிக்க வேண்டிய உணர்வும் அந்நியம், அதற்கான உச்சரிப்பும் அந்நியம். இதில் சராசரி அழைப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லி டீம் லீடரின் நெருக்கடி வேறு. நேரத்தைக் குறை, நெருக்கத்தைக் கூட்டு என்ற இரண்டு கட்டளையும் ஒரே தாளில் இருக்கும்போது ஊழியர் செய்வது ஒன்றுதான்: பரிவு வாக்கியத்தை வேகமாக ஒப்பிப்பது.

மோசடிக்காரர்களுக்கு அந்த நேர நெருக்கடி கிடையாது. பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் எச்சரித்த ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில், முதலில் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒரு குரல் மிரட்டும். அடுத்து ‘உயரதிகாரி’ தணிந்த குரலில் வருவார். அழுதால் பொறுப்பார், குடும்பத்தை விசாரிப்பார், பணம் போகும்வரை மணிக்கணக்கில் இணைப்பில் இருப்பார். உணர்வைக் கேட்கும் திறனை முழு அவகாசத்தோடு பயன்படுத்துகிறவர்கள் இவர்கள்தாமோ என்று சில சமயம் தோன்றும். பாதிக்கப்பட்டவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கும்போது, வெட்கத்தில் கதையைத் துண்டுதுண்டாகத்தான் சொல்வார். அங்கே அவசரப்படுத்தாத குரலுக்கும், உடனே கணக்கை முடக்கும் வேகத்துக்கும் நடுவே எடுப்பவர் தள்ளாட வேண்டியிருக்கிறது.

இயந்திரங்களும் வந்துவிட்டன. ஜோசப் வைசன்பாம் 1966-ல் எழுதிய எலைசா என்ற நிரல், தட்டச்சு செய்த வாக்கியத்தைக் கேள்வியாகத் திருப்பிக் கேட்டது, வேறொன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவருடைய செயலாளர் அதனுடன் தனியே பேச அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். இன்று பாஸ்டனில் உருவான காஜிட்டோ போன்ற மென்பொருள்கள் ஊழியர் பேசும் வேகத்தையும் தொனியையும் கேட்டுத் திரையில் குறிப்புக் காட்டுகின்றன. சனாஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் இந்திய உச்சரிப்பைப் பேசும்போதே அமெரிக்கக் காதுக்கு ஏற்ப மாற்றுகிறது. கால்சென்டர் நிறுவனமான டெலிபெர்ஃபார்மன்ஸ் 2025-ல் இந்திய ஊழியர்களிடம் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. உச்சரிப்புச் சுமை குறைவது நிம்மதிதான். தொனியை அளப்பது வேறு விவகாரம். வேலையிடத்தில் ஊழியரின் உணர்வைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர்த்து, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துவிட்டது. இந்தியாவில் அதற்கு நேரான தடை இல்லை. கீரணத்தத்தில் இரவுப் பணிக்குச் சேரும் ஒருவர், தன் குரல் எதற்கெல்லாம் அளக்கப்படுகிறது, அந்த அளவு இன்கிரிமென்ட்டைத் தொடுமா என்று சேரும் நாளிலேயே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.